மழைத்தோட்டத்தில் ஒரு பெரட்டு

2025 ஒக்டோபர் 4, சனிக்கிழமை. மாத்தளை நகரத்தில், பிரதான வீதிக்குச் சற்றுக் கீழே இருக்கும் எங்கள் தெருவில் அன்று தெளிவாக விடிந்திருந்தது. என் சனிக்கிழமைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் போகும். ஐந்து மணிக்கு எழும்புவேன். இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயோடு வானொலிச் செய்தி கேட்பேன். பிறகு அடுத்த வாரத்துக்கான ஐந்து சேலைகளையும் அயன் பண்ணி, அலுமாரியில் கிழமை வரிசைப்படி தொங்கவிடுவேன். திங்களுக்கும் செவ்வாய்க்கும் இடம் மாறிவிட்டால் எனக்கு மனசு சரியாக இருக்காது. என் கணவர் இதைச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அன்று புதன்கிழமைச் சேலையைப் பாதி மடித்திருந்தபோது தொலைபேசி அடித்தது. மழைத்தோட்டத் திட்டத்தின் பொறுப்பதிகாரி பேசினார்.

"மிஸ், ஒருக்கா உடனே வாங்க. இங்க நெறைய பொம்பளைங்க வந்து நிக்கிறாங்க. தமிழ்ல என்னமோ கேக்குறாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

அவர் சிங்களவர். நாங்கள் பேசியது சிங்களத்தில். ஞாபகம் உள்ளபடி இங்கே தமிழில் எழுதுகிறேன். நான் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். சிங்களத்தில் வரும் அறிவித்தல்களைத் தமிழில் எழுதுவது என் வேலை. அந்தத் திட்டத்துக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

மழைத்தோட்டம் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு முனையில் ஒரு பள்ளம். மழை பெய்தால் மேல்வீதித் தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து தேங்கும். பாடசாலைப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். அந்தப் பள்ளத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கி, அடியில் கல்லும் மணலும் போட்டு, வெட்டிவேரும் கல்வாழையும் சேம்பும் நட்டு, வருகிற தண்ணீரை அங்கேயே மண்ணுக்குள் இறங்க விடுவதுதான் திட்டம். பள்ளத்தைச் சுற்றி நெஞ்சளவு உயரத்தில் வளைவாக ஒரு சுவர் கட்டியிருந்தார்கள். அந்தச் சுவரில் ஓவியம் செய்ய, மகாவலி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆதிவாசிக் கிராமம் ஒன்றிலிருந்து எட்டு இளைஞர்களை அழைத்திருந்தார்கள். ஊர்க்காரர்களும் வந்து உதவலாம் என்று அறிவித்தல் போட நினைத்தார்கள்.

"மழைத்தோட்டப் பணிக்கு உதவ விரும்புவோர் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகை தரவும்." இது நான் எழுதியது. மழைத்தோட்டம் என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனவர், வழக்கமாக முச்சக்கரவண்டியில் லொத்தர் சீட்டு விற்கும் முஸ்லிம் நானா ஒருவர். கேட்டதற்கு மேலாகவே ஊர் சுற்றியிருக்கிறார். பலாபத்வலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் வரைக்கும் போயிருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். தோட்டத்தில் வேலைக்குப் போகும்போது இடுப்பில் சுற்றுகிற படங்கும் சோற்றுப் பெட்டியுமாக வந்திருந்தார்கள். முன்னால் நின்றவர் மூக்குத்தி போட்ட ஓர் அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"மிஸ், பெரட்டு எங்கங்க?" என்றார்.

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் எல்லோரும் கூடிப் பெயர் கொடுக்கும் இடம். அதற்கும் எங்கள் தெரு முனைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

"எந்தப் பெரட்டு?"

"புதுசா மலைத்தோட்டம் தொறக்கிறாங்களாமே. எட்டு மணிக்குப் பேரு குடுக்க வரச்சொல்லி மைக்குல சொன்னாங்க. தொர யாரு, இவரா?"

தொர என்றால் தோட்ட மனேஜர். பொறுப்பதிகாரி தன்னைக் காட்டிப் பேசுகிறார்கள் என்பது மட்டும் விளங்கி, பணிவாகத் தலையாட்டினார்.

"அது மலை இல்லீங்க, மழை" என்றேன்.

"ஆமாங்க, அதத்தான் நாங்களும் சொல்றோம். மல."

"வானத்துல இருந்து பெய்யுமே, அந்த மழை. மழைத் தண்ணிக்கு ஒரு தோட்டம். அதோ இருக்கே, அதுதான்."

அக்கா பள்ளத்தை எட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"இதுவா தோட்டம்? இதுல ஒரு ஆளு நின்னு தும்முனா தோட்டம் முடிஞ்சி போகுமே."

பின்னால் நின்ற ஒருத்தி, "மழைக்குத் தோட்டம் போட்டிருக்காங்களாம்டி. நம்ம தோட்டத்துல தான் கூரை ஒழுகி வீடு பூரா மழைத்தோட்டமா இருக்கே, அங்கேயே இருந்திருக்கலாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு நாள் சம்பளத்தைத் தோட்டத்தில் "பேரு" என்பார்கள். இவர்கள் அந்தப் பேரை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். நான் நாலு முறை திருத்தி அழகுபார்த்த சொல், வாயால் சொல்லும்போது எப்படி ஒலிக்கும் என்று நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மிஸ், ஒம்பதரை பஸ்ஸுல திரும்பிருவோம்" என்றார் அக்கா.

அந்த நேரத்தில்தான் சுவரோரமாக நின்ற இரண்டு பேரைக் கவனித்தேன். ஒரு பெண், இருபத்திரண்டு வயதிருக்கலாம், ஜீன்ஸ் போட்டு, கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள். பக்கத்தில் அவளைவிடச் சின்னவனாக ஓர் இளைஞன். எட்டுப் பேரில் முதல் நாளே வந்து தங்கியிருந்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். மற்ற ஆறு பேரும் வந்த பஸ் நடுவழியில் நின்றுவிட்டது.

"யானையா?" என்று பொறுப்பதிகாரி அக்கறையாகக் கேட்டார்.

"இல்ல சார், டயர்" என்றாள் அந்தப் பெண்.

அவள் செய்ய இருந்த வேலை இதுதான். சுவருக்குக் கறுப்பாக ஓர் அடிப்பூச்சு ஏற்கெனவே பூசிக் காய்ந்திருந்தது. அதன் மேல் சுண்ணாம்பும் மணலும் கொஞ்சம் சீமெந்தும் கலந்த வெள்ளைப் பூச்சை மெல்லியதாகப் பூசவேண்டும். அது ஈரமாக இருக்கும்போதே விரலாலும் மூங்கில் சீவலாலும் கீறினால், கறுப்பு வெளியே தெரிந்து படமாகும். அவர்களுடைய முன்னோரில் பெண்கள், குகைச் சுவர்களில் சாம்பலைக் குழைத்து விரலால் படம் போடுவார்களாம். இது மழைக்கு நிற்கவேண்டிய சுவர் என்பதால் சுண்ணாம்பு. பூச்சு அரை மணி நேரத்தில் இறுகிவிடும். சலிக்க, குழைக்க, தூக்க, பூச, சாக்கை நனைத்துப் போட என்று நிறையக் கைகள் வேண்டும். இரண்டு பேரால் முடியாது.

பொறுப்பதிகாரி கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். மறுநாள் காலை பத்து மணிக்குத் திறப்பு விழாவுக்கு விருந்தினர் வருகிறார்கள். "மூணு மணிக்குள்ள முடியலன்னா நான் சுவருல பேனரத்தான் அடிக்கணும், மிஸ். என்னால வேற ஒண்ணும் செய்ய ஏலாது" என்று சொல்லி, அவசரத்துக்கு அச்சிட்டு வைத்திருந்த பேனரைப் புல்லில் விரித்தார். சுவர் நீளத்துக்கு இருந்தது. இரும்புச் சட்டமும் ஆணியும் தயாராக இருந்தன.

பேனரில் ஒரு மனிதர் தலை நிறைய இறகு வைத்துக்கொண்டு குதிரை மேல் உட்கார்ந்திருந்தார். பின்னால் காய்ந்து சிவந்த மலைகள்.

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். "சார், இவர் யாரு?"

"ஆதிவாசி. இன்டர்நெட்டுல தேடி எடுத்தது. நல்ல கிளியரான படம்."

"எந்த ஊரு ஆள்?"

பொறுப்பதிகாரி, ஊர்ப்பெயர் எங்காவது போட்டிருக்கிறதா என்பதுபோல் பேனரையே பார்த்தார்.

அவள் என் பக்கம் திரும்பி, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள். "அன்ட்டி, நாளைக்கு எங்க அம்மா ஆளுங்க வான் பிடிச்சு வர்றாங்க. நாங்க செஞ்ச சுவரப் பாக்க வர்றாங்க. சட்டத்த ஒருதரம் அடிச்சிட்டா பிறகு யாரும் கழட்ட மாட்டாங்க. அம்மாகிட்ட இவரக் காட்டி என்னன்னு சொல்லுறது?"

அதற்குள் பெண்கள் எல்லோரும் பேனரைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

"இது யாரு மிஸ்? தேர்தல் கேக்குறவரா?" என்றார் அக்கா.

நான் விளக்கினேன். இந்தப் பிள்ளைகளுடைய ஆட்கள் என்று நினைத்து இந்தப் படத்தைப் போட்டிருக்கிறார்கள், மூன்று மணிக்குள் சுவர் முடியாவிட்டால் இதுதான் ஏறும் என்றேன்.

அக்கா ஜீன்ஸ் போட்ட பெண்ணையும் இறகு வைத்தவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்களுக்கும் இதே கததான் மிஸ். தேயிலப் பெட்டியில பாருங்க. லிப்ஸ்டிக் போட்டு, பூ வச்சி, இஸ்திரி போட்ட சேல கட்டிக்கிட்டு ஒருத்தி கொழுந்து பறிப்பா. அவ கையப் பாத்தா வெங்காயம்கூட உரிச்சிருக்க மாட்டா."

"கால்ல அட்ட கடிச்சா கத்திருவா" என்றாள் இன்னொருத்தி.

"சரி, இந்தப் புள்ளைங்க யாருதான்? கேட்டுச் சொல்லுங்க."

ஆதிவாசிகள் என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். நமக்கெல்லாம் முந்தி இந்த நாட்டில் காட்டோடு காடாக வாழ்ந்தவர்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "வள்ளி வீட்டாளுங்களா?" என்றார் அக்கா.

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வள்ளி என்ற சொல் காதில் விழுந்ததும் அந்தப் பெண் நிமிர்ந்தாள். "வள்ளி," என்று தலையாட்டினாள். "வள்ளி எங்க பொண்ணு."

அதைத் தமிழில் சொன்னேன். பெண்கள் மத்தியில் ஒரு சலசலப்பு. கூட நின்ற இளைஞன் எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்து, "ஹூரா" என்று கையைக் கூப்பினான். அது அவர்கள் பாஷையில் ஆண்கள் ஒருவரையொருவர் அழைக்கிற சொல். பெண்களைப் பார்த்து அவன் அதைச் சொன்னதற்கு அந்தப் பெண் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"என்ன சொல்லுறான்?"

"மச்சான்னு சொல்றார்" என்றேன்.

"சரியாத்தானே சொல்றான். முருகனுக்குப் பொண்ணு குடுத்த வீடு. நமக்கு அவங்க சம்பந்தி." அக்கா படங்கை இறுக்கிக் கட்டினார். "சம்பந்தி வீட்டு வேலையில பேரு பாக்க முடியுமா? ஏ, சோத்துப் பெட்டிய அந்த நெழல்ல வைங்கடி. தொரகிட்ட சொல்லுங்க மிஸ், பெரட்டு கலைஞ்சிருச்சி, வேல தொடங்கியாச்சின்னு."

நான் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். பொறுப்பதிகாரிக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். ஆனால் அவர் போன வேகத்தில் எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் சொல்லிவிட்டு வந்தார்.

வேலை எப்படி நடந்தது என்பதை எழுதுவது கடினம், எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. இரண்டு பேர் மணல் சலித்தார்கள். இரண்டு பேர் குழைத்தார்கள். கொழுந்துக் கூடை கைமாறுவதுபோல வாளி கைமாறிப் போனது. அந்தப் பெண் சிங்களத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். பத்து மணிக்குப் பிறகு என்னை யாரும் கேட்கவில்லை. "தங்கச்சி, தண்ணி போதுமா?" என்று தமிழில் கேட்பார்கள். "ஹரி ஹரி", சரி சரி என்று சிங்களத்தில் பதில் வரும். எனக்கு வேலை இல்லாமல் போனதால் சாக்கு நனைக்கும் வேலையைக் கொடுத்தார்கள். சாக்குகளை அளவு வாரியாக அடுக்கப் போனேன். "மிஸ், அது சாக்கு. சீலை இல்ல" என்றாள் ஒருத்தி. என் அலுமாரியை அவள் பார்த்ததே இல்லை.

வெள்ளைப் பூச்சில் அந்தப் பெண்ணின் விரல் போகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மருந்துக்கடைக் கையுறையைப் போட்டுக்கொண்டு, சுவரில் நெற்றி முட்டுகிற மாதிரிக் குனிந்து, கையை எடுக்காமல் கீறினாள். தேன்கூடு வந்தது. உடும்பு வந்தது. ஆற்றைக் கடக்கிற யானைக் கூட்டம் வந்தது. தண்ணீர் சுவர் நெடுகக் கோடு கோடாக ஓடியது. இளைஞன் அவளுக்குப் பின்னால் மூங்கில் சீவலோடு மீன்களைப் போட்டுக்கொண்டே வந்தான். அவன் போட்ட ஒரு மீனுக்கு மீசை அதிகமாகிவிட்டது. அது பொறுப்பதிகாரி மாதிரியே இருக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். மொழிபெயர்க்கச் சொல்லி அவர் கேட்டார். நான் "நல்ல மீனாம்" என்று சொன்னேன்.

சாப்பிட்டு முடித்தபோது சுவரில் இன்னும் ஏழெட்டு அடி மிச்சமிருந்தது. கடைசிப் பூச்சையும் பூசியாகிவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணால் கையைத் தூக்கவே முடியவில்லை. ஆறு பேர் செய்யவேண்டிய கீறல் வேலையை அவள் ஒருத்தியே செய்திருந்தாள். கையை உதறிக்கொண்டு, மிச்சத்தை நீங்கள் போடுங்கள் என்று அக்காவிடம் சைகை காட்டினாள்.

"ஐயோ, எங்களுக்குப் படம் வராது தங்கச்சி."

"உங்க ஊர்ல மழை வந்தா என்ன இருக்கும்? அதப் போடச் சொல்லுங்க அன்ட்டி" என்றாள் அவள் என்னிடம்.

ஒருத்தி துணிந்து, பெட்டி பெட்டியாக ஒரு லயத்தைக் கீறினாள். இரண்டாவது பெட்டிக்குக் கதவு வைத்தாள். அது அவளுடைய வீடாம். பக்கத்து வீட்டுக்காரி உடனே வந்து தன் வீட்டுக்குப் பெரிய கதவாக வைத்தாள். இன்னொருத்தி கூரைக்கு மேல் கல் அடுக்கினாள், தகரம் காற்றில் பறக்காமல் இருக்க. அக்கா மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சுவரின் அடியில், தண்ணீர் உள்ளே வருகிற வாய்க்குப் பக்கத்தில், நீளமாக நெளிந்து நெளிந்து எதையோ கீறினார். முழங்கை நீளம் இருக்கும்.

"பாம்பா?" என்றேன்.

"ரத்தம் குடிக்கிற அட்ட. மழைன்னா மொத ஆளா அவன்தானே வருவான்."

இளைஞன் அதைப் பார்த்ததும் தன் ஜீன்ஸைக் கணுக்காலுக்கு மேல் இழுத்து, பழைய கடித் தழும்புகளைக் காட்டினான். அக்காவும் காலை நீட்டித் தன் தழும்பைக் காட்டினார். யாருடையது பெரியது என்று இரண்டு பேரும் காலை ஒட்டிவைத்து அளந்து பார்த்தார்கள்.

அப்போதுதான் இருட்டிக்கொண்டு வந்தது. ஒக்டோபர் மாதத்தில் மாத்தளையில் பின்னேரம் மழை வருவது அதிசயமில்லை. ஆனால் அன்று இரண்டு மணிக்கே வந்துவிட்டது. சாக்குகள் போதவில்லை. கடைசி இருபது அடியும் இன்னும் காயாத பூச்சு. மழை அடித்தால் வெள்ளையெல்லாம் வழிந்து பள்ளத்துக்குள் போய்விடும். அந்தப் பெண் இரண்டு கையையும் விரித்துச் சுவர் மேல் கவிழ்ந்து நின்றாள், உடம்பாலேயே மூடிவிடலாம் என்பதுபோல.

"மிஸ், அந்த எறகுக்காரரத் தூக்கிட்டு வாங்க" என்றார் அக்கா.

நான் பொறுப்பதிகாரியைப் பார்த்தேன். "இது அரச சொத்து, மிஸ்," என்றார் அவர். முதல் பெரிய துளிகள் அவர் கண்ணாடியில் விழுந்தன. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். பேனரின் ஒரு மூலையைத் தானே பிடித்துக்கொண்டு, "ஓடுங்க" என்றார்.

எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பேனரைச் சுவர் மேல் கூரைபோல் சாய்த்துப் பிடித்தோம். மழை நாற்பது நிமிடம் கொட்டியது. இறகு வைத்தவரும் குதிரையும் எங்கள் தலைக்கு மேல் தலைகீழாக நின்றார்கள். தண்ணீர் மேல்வீதியிலிருந்து வந்து, பள்ளத்துக்குள் சுழன்று, கல்வாழைக்கடியில் இறங்கிப் போனதை நாங்கள் பேனருக்கடியில் நின்றுகொண்டே பார்த்தோம். "தோட்டம் வேல செய்யுது" என்று யாரோ சொன்னார்கள். பொறுப்பதிகாரி சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். கையை அவர் விடவே இல்லை.

மழை விட்டதும் பேனரை விலக்கினோம். எல்லாம் இருந்தது. ஒரு மூலையில் மட்டும் பேனர் எட்டாமல், வெள்ளைப் பூச்சில் துளி துளியாகக் குழி விழுந்திருந்தது. அதைத் தேய்த்துச் சமப்படுத்துகிறேன் என்று நான் பூச்சுக் கரண்டியை எடுத்தேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள். "விடுங்க அன்ட்டி. மழையும் வந்து போட்டுட்டுப் போயிருக்கு."

மணி மூன்று அடித்ததை யாரும் கவனிக்கவில்லை. நாலு மணிக்கு மற்ற ஆறு பேரும் வந்து சேர்ந்தார்கள். கீறுவதற்குச் சுவர் மிச்சமில்லை என்று கோபித்துக்கொண்டு, வாளிகளைக் கழுவினார்கள். பொறுப்பதிகாரி பெண்கள் எல்லோரையும் லயத்தில் கொண்டுபோய் விட ஒரு வான் ஏற்பாடு செய்தார். ஏறும்போது அக்கா என்னிடம், "அடுத்த பெரட்டு எப்ப மிஸ்? எதுக்கும் எழுதுறத வாயாலயும் ஒருக்கா சொல்லிப் பாத்துருங்க" என்றார். அன்றிலிருந்து எந்த அறிவித்தலையும் உரக்க வாசித்துப் பார்க்காமல் நான் கொடுப்பதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூச்சு வெடிக்காமல் இருக்க அதிகாலையிலேயே தண்ணீர் தெளிக்கவேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். தேநீர்கூடப் போடாமல், முதல் வேலையாக ஒரு வாளியை எடுத்துக்கொண்டு நான் தெரு முனைக்குப் போனேன். அவளுடைய அம்மா எனக்கு முன்பே வந்திருந்தார். அவர்கள் பிடித்து வந்த வான் இருட்டோடு புறப்பட்டிருக்கிறது. மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரைத் தொடாமல், ஒரு விரல் தள்ளி விரலைக் கொண்டுபோய்த் தேன்கூட்டில் தொடங்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். சுவரின் அடியில், அக்கா போட்ட அட்டைக்குப் பக்கத்தில் வந்ததும் குனிந்தார். பிறகு, தன் கணுக்காலைத் தட்டிக்காட்டிச் சத்தமாகச் சிரித்தார். யார் போட்டது என்று மகளிடம் கேட்டார். மகள் என்னைக் காட்டி, "இவங்க வீட்டாளுங்க" என்றாள்.

மூன்று பேருமாகச் சேர்ந்து கையால் அள்ளி அள்ளிச் சுவருக்குத் தண்ணீர் தெளித்தோம். யாரைப் பற்றி நான் இப்போது தமிழில் எதை எழுதினாலும், அவர்களே வந்து படித்தால் அந்த அம்மாவைப்போல் தங்களை அடையாளம் கண்டு சிரிப்பார்களா என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.